வெள்ளிக்கிழமை ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். உங்கள் அம்மா மூன்றாவது விதமாகச் சொல்கிறாள். போன மாதம் லுக்குட்டில் ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்து, "நீங்கதானே மகள் கால்ல விழுந்தவரு?" என்று கேட்டார். நான் காலில் விழவில்லை. முழங்கால் விட்டுப்போய் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். அதை அந்த ஆளிடம் விளக்கப் போனால் இன்னும் மோசமாகும் என்று பேசாமல் சோற்றைச் சாப்பிட்டேன்.

அதனால் நான் பார்த்ததை நான் பார்த்தபடி எழுதி வைக்கிறேன். எனக்கு ஆறாம் ஆண்டு வரைக்கும் தமிழ்ப்பள்ளி, அதற்குப் பிறகு மூன்று வருஷம் மலாய்ப்பள்ளி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்தாதீர்கள். உங்களில் பெரியவளைப் பெரியவள் என்றும் சின்னவளைச் சின்னவள் என்றும் எழுதப்போகிறேன். முதலில் 'நீ, நீ' என்று எழுதிப் பார்த்தேன். எதிரில் நிற்கவைத்துத் திட்டுவது மாதிரி இருந்தது.

அந்த வருஷம் பெரியவளுக்குப் பதினாறு வயது, பள்ளியில் பாரம் நாலு படித்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் பைத்தியமாக இருந்தாள். நான் ஆட்டம் என்றால் "ஹிப் ஹாப் பா" என்று திருத்துவாள். எங்கள் தோட்டத்தில் அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? செம்பனைக் குலை வெட்டச் சொல்லித்தருவார்கள், மருந்து அடிக்கச் சொல்லித்தருவார்கள். அவள் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். போனுக்குள் ஒரு ஆள் வெறும் அறையில் நின்று ஆடுவான். இவள் எங்கள் ஹாலில், நாற்காலிகளைச் சுவர் ஓரம் தள்ளிவிட்டு ஆடுவாள். அவன் நின்றால் இவளும் நிற்பாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் வேலை முடிந்து வருவதற்குள் முடித்துவிட்டு நாற்காலிகளைத் திரும்பப் போட்டிருப்பாள். அவள் முழுசாக ஆடி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ராசா டவுனில் ஒரு நடனக் குழு தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்குப் புதிதாக ஆள் எடுத்தது. இரண்டு நிமிஷம் ஆடி வீடியோ எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். "எல்லாரும் வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்ட டவுன் பிள்ளைங்கம்மா. தோட்டத்துலேர்ந்து நான் ஒருத்திதான் அனுப்புறேன்" என்று அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. அந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது சாப்பிடுகிற வேகத்திலேயே தெரிந்தது. தட்டை வழித்துப் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடுவாள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். பெரியவளுக்கு எட்டு வயதில் டிங்கிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை எழுந்து நடந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுந்து நடந்தாள். நான்தான் எடுக்கவில்லை. முதல் வருஷம் கோயிலில் திருப்பணி நடந்தது. மறு வருஷம் எனக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. அதற்கப்புறம் காரணம் தேடவில்லை. மறந்துபோகவில்லை, தள்ளிப்போட்டேன். இரண்டும் வேறு வேறு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் அரிவாள் வழுக்கும் என்று எங்களை மேய்க்கிற மண்டோர் பத்தரைக்கெல்லாம் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். வழக்கமாக ஒரு மணிக்கு மேல் வருகிறவன், பதினொன்றுக்கே வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா சிரம்பானில் வேலைக்குப் போயிருந்தாள்.

கதவு திறந்திருந்தது. பெரியவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹால் நடுவில் நின்றாள். தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துவிட்டிருந்தாள். மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். அது பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய சட்டை. அந்த நேரத்தில் என் கண்ணுக்கு மஞ்சள் மட்டும்தான் தெரிந்தது.

முதலில் வலது தோள் ஒரு வெட்டு வெட்டியது. அப்புறம் இடது தோள். அப்புறம் நெஞ்சு, உள்ளே இருந்து யாரோ குத்துவிட்ட மாதிரி முன்னால் வந்து பின்னால் போனது. அப்புறம் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றது. வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. இதை எல்லாரும் மறந்துவிட்டுத்தான் சிரிக்கிறீர்கள். காதில் செருகுகிற அந்தச் சின்னச் சாமான் முடிக்குள் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பாட்டு இருந்தால் ஆட்டம் என்று சொல்லலாம். பாட்டே இல்லாமல் ஒரு உடம்பு அப்படி வெட்டி வெட்டி இழுத்தால் அதற்கு என்ன பேர்?

என் அக்காவுக்கு வருஷா வருஷம் திருவிழாவில் சாமி வரும். அவள் விழுந்துவிடாமல் பின்னால் நின்று இடுப்புத் துணியைப் பிடித்துக்கொள்கிற வேலை எனக்குத்தான். முதலில் தோள், அப்புறம் நெஞ்சு, அப்புறம் கழுத்து. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். என் கண் முன்னால் அதே வரிசை.

"அம்மாடி" என்றேன். திரும்பவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் திரும்பவில்லை. சாமி வந்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். கால் கழுவாமல் உள்ளே போகவும் பயம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட ஓடினேன். தோட்டத்தில் குழந்தை பிறந்தாலும் ஆள் போனாலும் முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. பிள்ளை மேல சாமி வந்திருக்கு!"

எந்தப் பிள்ளை, எந்தச் சாமி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வருகிற வழியிலேயே வேப்பங்கொத்தை ஒடித்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த சின்னவளும் கையில் பிஸ்கட்டோடு பின்னாலேயே வந்தாள். மூன்று பேரும் வாசல்படியில் நின்றோம். பெரியவள் இன்னும் எங்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு கேட்டியா தம்பி?"

"இல்லக்கா."

"கேளு. தகப்பன்தான் கேக்கணும்."

நான் கையைக் கட்டிக்கொண்டு, "தாயே, யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

பெரியவள் ஒரு கையை நீட்டி, மடக்கி, குதிகாலைத் தட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே, "ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "இங்கிலீஷ்ல பேசுதே."

"ஆமாக்கா."

"இந்தக் காலத்துப் பிள்ளை மேல இறங்குனா அதுக்குத் தெரிஞ்ச பாஷையிலதான பேசும். என்ன சொல்லுது?"

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு."

"அப்புறம்?"

கவனித்துக் கேட்டோம். பெரியவள் மறுபடி தோளை வெட்டினாள், மறுபடி அதே நான்கு எண்களைச் சொன்னாள். மறுபடியும் எட்டில் நின்றது.

"எட்டு வருஷமா என்னத்தையோ செய்யாம வச்சிருக்க தம்பி" என்றார் அக்கா. "நல்லா யோசிச்சுப் பாரு."

யோசிக்க என்ன இருக்கிறது? காய்ச்சல் வந்தது எட்டு வயதில். அது முடிந்து எட்டு வருஷம். முழங்கால் விட்டுப்போய் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே, "தாயே, தப்புத்தான், இந்த வருஷம் கட்டாயம் பால்குடம் எடுத்துடுறேன், பிள்ளையை விட்டுடு" என்று சத்தமாகச் சொன்னேன். கல்யாண வீட்டுக்காரர் சொன்னது இதைத்தான்.

"பிள்ளை உடம்பு தாங்காது. மஞ்சத் தண்ணி ஊத்திச் சாமியை மலையேத்திரு" என்றார் அக்கா. நான் பின்பக்கமாக ஓடி, கால் கழுவி, சமையல் மஞ்சள்தூளை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டினேன். அவசரத்தில் பாதி டப்பா போய்விட்டது. வாசல் வழியாகவே திரும்பி அவள் பின்னால் வந்து ஒரு செம்பு மொண்டு அவள் தலையில் ஊற்றினேன்.

"அப்பா! என்னப்பா பண்றீங்க!" என்று அலறிக்கொண்டு பெரியவள் ஒரு பக்கமாகத் துள்ளினாள்.

"அப்பான்னு கூப்பிட்டு ஏமாத்தும், விடாத. இன்னொரு செம்பு!" என்றார் அக்கா.

இன்னொரு செம்பு ஊற்றினேன். அவள்தான் துள்ளி விலகிவிட்டாளே. தண்ணீர் நேராகப் போய் அவளுக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் விழுந்தது. அதுவரை அவள் உடம்பு அந்த ஸ்டூலை மறைத்துக்கொண்டிருந்தது. ஸ்டூல் மேல் ஒரு பாட்டிலில் சாய்த்து போன் வைத்திருந்தாள். போனுக்குள் தொப்பி போட்ட ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். என் கண் முன்னால் அவன் இரண்டு தடவை மின்னி, அணைந்தே போனான்.

அப்போதுதான் சின்னவள் பிஸ்கட்டை முழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா டான்ஸ் பிராக்டிஸ் பண்ணிக்கிட்டு இருந்தாப்பா."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ரெண்டு பேரும் ரொம்ப சீரியஸா இருந்தீங்க லா."

பக்கத்து வீட்டு அக்கா வேப்பங்கொத்தை மெதுவாக வாசல் நிலையில் செருகினார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் போனது ஒரு பக்கம். அதை அரிசி டின்னில் புதைத்து வைத்தேன். உங்கள் அம்மா வேலை முடிந்து வந்து டின்னைத் திறந்து பார்த்து, "மஞ்சத் தண்ணி, அரிசி, எல்லாம் போட்டிருக்கீங்க. ரெண்டு மிளகும் போட்டா பொங்கலாவது ஆகும்" என்றாள். அவள் கோபத்தில் இருக்கும்போதுதான் நன்றாகப் பேசுவாள். இன்னொரு பக்கம் அதைவிட மோசம். சாயங்காலத்துக்குள் விஷயம் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. பாதிக் கதைதான் பரவியது. கடைசி வீட்டுப் பெண் ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு வந்து, "மகனுக்கு வேலை எப்பக் கிடைக்கும்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்று வாசலில் நின்றார். இன்னொருவர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விபூதி போட்டுவிடச் சொன்னார். பெரியவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் அனுப்பல. இனிமே இந்த வீட்டுல ஆடவும் மாட்டேன். விட்டுருங்க" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"அப்பா போன் இருக்கேம்மா, அதுல எடு" என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலையில் செத்த போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் லுக்குட்டுக்குப் போனேன். போன் கடைச் சீனப் பையன் அதைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தான். உள்ளே எல்லாம் மஞ்சள். இது என்ன தண்ணீர் அங்கிள் என்று மலாயில் கேட்டான். சாமித் தண்ணீர் என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாமிக்கு முன்னால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். கிண்டல் செய்தானா, மரியாதையாகச் சொன்னானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது சடக்கில் மோட்டாரை ஓட்டிக்கொண்டே ஒரே யோசனை. மன்னிப்புக் கேட்டால் கதவு திறக்காது. ஏற்கெனவே நாலு தடவை கேட்டாகிவிட்டது. எனக்கு அதைவிடக் குழப்பமாக இருந்தது வேறு ஒன்று. அவள் ஆடியதை நான் நன்றாகத்தான் பார்த்தேன். சாமி என்றுதான் தெரிந்தது. ஆட்டம் என்று ஒரு இடத்தில்கூடத் தோன்றவில்லை. இது ஆட்டம்தான் என்று இப்போது தெரிந்த பிறகும், கண்ணை மூடினால் அது சாமியாகத்தான் தெரிந்தது. அப்படியானால் அந்தப் பிள்ளை இத்தனை மாதமாக என்னதான் கற்றுக்கொண்டிருக்கிறது?

மத்தியானம் சின்னவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "அக்கா பார்க்குற அந்தத் தொப்பிக்காரனை என் போன்ல தேடிக் குடு" என்றேன்.

"எதுக்குப்பா?"

"பார்க்கத்தான்."

"பார்க்கிறதுக்கு ஏன் கைலியை மாத்திட்டு டிரவுசர் போட்டிருக்கீங்க?"

தேடிக் கொடுத்தாள். முதல் பாடம். போனைப் பால்மாவு டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற சிமெண்டுத் தரையில் நின்றேன். தொப்பிக்காரன் சிரித்த முகம். தொளதொள சட்டை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'ஈஸி' என்றான். என்ன ஈஸி என்று எனக்குப் பிடிபடவில்லை. முழங்காலைத் தளர்த்து என்றான், தளர்த்தினேன். நெஞ்சைக் குத்து என்றான், குத்தினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய் என்றான். உடம்பை விட்டுவிட வேண்டுமா, பிடித்துக்கொள்ள வேண்டுமா? இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனால் எப்படி முடியும்?

எண்ணிக்கை இன்னும் மோசம். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. ஒன் அண்ட் டூ அண்ட் என்று எண்ணினான். இந்த 'அண்ட்' எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றிலும் கால் வைத்தாகிவிட்டது, இரண்டிலும் வைத்தாகிவிட்டது. நடுவில் எந்தக் காலை வைப்பது? எனக்கு இருப்பதே இரண்டு கால்.

சின்னவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். "அப்பா, உங்களுக்குச் சாமிகூட வராது போல" என்றாள். மெதுவாக ஓடட்டும் என்று எதையோ அழுத்தினாள். தொப்பிக்காரன் தண்ணி போட்ட ஆள் மாதிரி இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தான். ஆனாலும் அவன் கால் எனக்கு வேகமாகத்தான் இருந்தது.

அவன் "ரைட்" என்று சொல்லி வலது காலை வைத்தான். நானும் வலது காலை வைத்தேன். அவன் ஒரு பக்கம் போனான், நான் எதிர்ப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டேன். திருப்பிச் செய்தேன். திருப்பி இடித்துக்கொண்டேன். நாலாவது தடவை இடித்தபோது பின்னால் இருந்து சத்தம் வந்தது.

"காலு மாறிப் போச்சுப்பா."

பெரியவள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கண் வீங்கியிருந்தது. தலையில் மஞ்சள் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"அவன் வலது வைக்கிறான். நானும் வலதுதானேம்மா வைக்கிறேன்?"

"அவரு நம்மளைப் பார்த்து நிக்கிறாரு. கண்ணாடி மாதிரி நினைச்சுக்குங்க. அவரு எந்தப் பக்கம் போறாரோ அந்தப் பக்கம் போங்க."

"அப்ப அவன் ரைட்டுன்னு சொன்னா நான் லெப்ட்டா?"

"ஆமா."

"அப்ப அவன் சொல்றது பொய்யா?"

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "பொய் இல்லப்பா. நீங்க பேச்சைக் கேக்காதீங்க, பாருங்க."

பார்த்தேன். பார்த்துக்கொண்டே முழங்காலைத் தளர்த்தி மேலும் கீழும் போனேன். என்ன செய்தேனோ, பெரியவள் சாய்ந்திருந்த கதவை விட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா! அதுதான் பவுன்ஸ்! எனக்கே அது வர ஒரு மாசம் ஆச்சு. எப்படிப் பண்ணீங்க?"

"எதை?"

"இப்பப் பண்ணீங்களே, அதை."

மறுபடி செய்தேன். வரவில்லை. இன்னொரு தடவை செய்தேன். "ஐயோ, இது இல்லப்பா" என்றாள். எதைச் செய்தபோது அது வந்தது, எதை விட்டபோது அது போனது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேலைக்காட்டில், குலை ஏற்றிய தள்ளுவண்டியோடு கால்வாய் மேல் போட்ட பலகையில் போகும்போது என் முழங்கால் பலகையோடு சேர்ந்து இறங்கி ஏறுவதைப் பார்த்து, இதுதானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நான் விழிப்பதைப் பார்த்துச் சின்னவள் முதலில் சிரித்தாள், அப்புறம் பெரியவளும் சிரித்துவிட்டாள். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்: "நீ அப்படி ஆடும்போது உனக்குள்ள என்னம்மா நடக்குது?"

"ஒண்ணும் நடக்காதுப்பா. எண்ணிக்கிட்டு இருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எண்ணலேன்னா தப்பாயிடும்."

இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்த உடம்பில் வேறு யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது. உள்ளே இருக்கிறவளோ கடைக்காரி மாதிரி எண்ணிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது புரியவே இல்லை. புரியாவிட்டால் பரவாயில்லை என்று மட்டும் அன்றைக்குத் தோன்றியது.

"நாளைக்கு உங்க போன்லயே எடுக்குறேன்" என்றாள். "ஆனா ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. நீங்களும்தான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல்படியில் உட்கார்ந்து காவல் காத்தேன். உள்ளே சின்னவள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் முதல் தடவையாக வெளியில் கேட்கிற மாதிரி பாட்டுப் போட்டிருந்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. எலுமிச்சம்பழப் பெண் மறுபடி வந்தார்.

"பிள்ளை இருக்கா?"

"சாமி இல்லம்மா, பரீட்சை நடக்குது" என்றேன்.

"எப்ப முடியும்?"

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டுன்னு சொல்லும். அப்புறம் மறுபடி அஞ்சுலேர்ந்து ஆரம்பிக்கும். முடியுமான்னு தெரியலம்மா."

அவர் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மாற்று ஆளாக எடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமை தோறும் பயிற்சிக்கு வர வேண்டும். யாருக்காவது முடியாமல் போனால்தான் மேடை. எனக்கு இதில் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குதித்துக்கொண்டிருந்தாள். சரி, சந்தோஷம்தான் என்று நானும் சிரித்தேன்.

கோயில் பூசாரியிடமும் போய்க் கேட்டேன். "சாமின்னு நினைச்சு மகள்கிட்ட வேண்டிக்கிட்டா அது செல்லுமா?" அவர் மணியைத் துடைத்துக்கொண்டே, "சாமிகிட்ட சொன்னதையே எட்டு வருஷம் இழுத்தே. மகள்கிட்ட சொன்னதை இழுக்க முடியாதுப்பா, தினமும் கேக்கும்" என்றார். அந்த வருஷம் பால்குடம் எடுத்தேன். அது உங்களுக்குத் தெரியும். பெரியவள் பக்கத்தில் நடந்துகொண்டே, "பவுன்ஸ் பண்ணாதீங்கப்பா, பால் சிந்துது" என்று காதில் சொன்னதும் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

ராசாவில் முதல் சனிக்கிழமைப் பயிற்சி. மோட்டாரில் கூட்டிப்போய், விட்டுவிட்டு, அவள் கண்ணில் படாமல் மண்டபத்துக் கதவு ஓரமாக நின்றேன். பிள்ளைகள் வரிசையாக ஆடினார்கள். எல்லாரும் வலது பக்கம் போனார்கள், பெரியவள் மட்டும் இடது பக்கம் போய்ப் பக்கத்துப் பிள்ளை மேல் மோதினாள். சொல்லித்தருகிற தம்பி பாட்டை நிறுத்திவிட்டு, "வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டியா? எல்லாத்தையும் பக்கம் மாத்திக் கத்துக்கிட்டிருக்க. அவரு ரைட்டுன்னு சொன்னா உனக்கும் ரைட்டுதான். வீட்டுல பெரிய கண்ணாடி இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றாள். தலை குனிந்திருந்தது. நான் கதவு ஓரத்தில் என் வலது காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் அன்றைக்குத் துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டவன் சரியாகத்தான் ஆடினானா? வரும் வழியில் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பெரியவள் திரும்பவும் ஆடினாள். ஆனால் ஹாலில் இல்லை. அறைக்குள், கதவைச் சாத்தி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஆடுவாள். கை கட்டிலில் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு தம்பின் டவுனுக்கு, அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். எங்கள் அறையில் இருந்த அலமாரிக்கு ஆள் உயரக் கண்ணாடி வைத்த கதவு. திருகாணிகளைக் கழற்றி அதைத் தனியாக எடுத்தேன். ஹாலுக்குத் தூக்கிவந்து, வாசலுக்கு நேர் எதிரில் இருக்கிற சுவரில் நிறுத்தி, நாலு மூலையிலும் திருகாணி போட்டேன். கதவில்லாமல் உங்கள் அம்மா புடவைகள் எல்லாம் வெளியில் தெரிந்தன. அதற்கு ஒரு துணியைக் கட்டிவிட்டேன்.

கண்ணாடி முன்னால் நின்று வலது காலை வைத்தேன். அதற்குள் இருந்தவன் எந்தக் காலை வைத்தான் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்கு இன்னும் குழப்பம்தான். பெரியவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வெளியே போனேன். வாசலில் கிடந்த பூட்ஸைக் காலில் மாட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை நின்ற அதே இடத்தில் நின்று, அதே மாதிரி ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டுப் படி ஏறினேன். எதிர்ச் சுவரில் முதலில் என் தலை தெரிந்தது, அப்புறம் தோள், அப்புறம் கை. ஹால் நடுவில் முதுகைக் காட்டி நிற்கிற ஆளுக்கு, நான் உள்ளே கால் வைப்பதற்கு முன்பே நான் வருவது தெரியும்.

இடது பக்க மேல் திருகாணி கொஞ்சம் ஆடியது. அதை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.